ரயில் வந்தால் படம் நின்றுவிடும்

கோலாலம்பூர் எம்ஆர்டி 2017 ஜூலையில் பூமிக்கடியில் ஓடத் தொடங்கியது. கீழே ஜன்னல் ஏது? விற்க மட்டும் சுவர் நிறைய இருக்கிறது. விளம்பரத் திரையில் ஷாம்பு போட்ட கூந்தல் ஓர் ஆள் உயரத்துக்கு அசைகிறது. சுவரோடு விட்டார்களா? புக்கிட் பிந்தாங் நிலையத்தின் பெயருக்கு முன்னால் பெவிலியன் பேரங்காடி ஏறிக்கொண்டது. மாலுரிக்கு முன்னால் ஏயோன், அப்பா பெயரின் இனிஷியல் மாதிரி.

லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் எதிர்ச்சுவரில் புரொஜெக்டரால் விளம்பரப் படம் போட்டார்கள். ரயில் உள்ளே வந்தால் படம் நின்றுவிடும். விளம்பரக்காரருக்கு ரயில்தான் இடைஞ்சல்.

எங்கள் சுங்கை காடுட் கொமுட்டர் நிலையத்துக்கு அந்த யோகமில்லை. திறந்தவெளி, பன்னிரண்டு மணி வெயிலில் எந்தப் புரொஜெக்டரும் தோற்கும். காத்திருக்கும் நேரத்துக்குத்தான் விளம்பரக் கட்டணம் என்றால், நாங்கள் புக்கிட் பிந்தாங்கையே விலைக்கு வாங்கிவிடுவோம்.

தோட்டத்து ஆட்களுக்கு இப்படிப் படம் காட்டுவதெல்லாம் புதுசும் இல்லை. 1946-இல் தொடங்கிய மலாயன் ஃபிலிம் யூனிட்டின் படங்களை அரசு வேன் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோய், திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டியது. சுகாதார உபதேசம், அவசரகாலப் பிரச்சாரம் எல்லாம் இலவசம். துணிக்குப் பின்பக்கம் பாய் விரித்தவர்களுக்கு எழுத்து இடவலம் மாறித் தெரியும். உபதேசத்திலிருந்து தப்பித்தவர்கள் அவர்கள்தான்.