துரைக்கு வந்த ஓலை

போருக்கு டிமிக்கி கொடுப்பவனை வரைவதென்றால் கார்ட்டூன்காரர்களுக்கு அல்வா. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோட்டாவின் காகித உறையைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். முன்பல் இல்லாதவனைப் படை தொடாது. உடனே பல்லைப் பிடுங்கிக்கொண்ட வீரர்கள் உண்டு. 1863ஆம் ஆண்டுச் சட்டப்படி 300 டாலர் கட்டினாலும் விட்டுவிடுவார்கள், மாற்றாள் அனுப்பினாலும் விட்டுவிடுவார்கள். 150 டாலருக்கு ஆள் அமர்த்திய குரோவர் கிளீவ்லாண்ட் பின்னாளில் ஜனாதிபதியே ஆனார். பல் போனவர்களுக்குப் பல் போனதுதான் மிச்சம்.

நம் ஏற்காட்டில் கதை தலைகீழ்.

1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இந்த மலையில் காப்பி நட்டார். பின்னாலேயே துரைமார் வந்து எஸ்டேட், பங்களா என்று காலூன்றினார்கள். முதல் உலகப் போரில், 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியரின் எம்டன் கப்பல் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியபோது, 5,300 அடிக்கு மேலே குகைக்குள் இருக்கும் சேர்வராயன் சாமி அசையவில்லை. காப்பிச் செடியும் அசையவில்லை. 1917இல் வந்தது பாருங்கள் இந்தியத் தற்காப்புப் படைச் சட்டம்! 16 முதல் 50 வயதுவரை கட்டாயச் சேவை. 18 முதல் 41 என்றால் இந்தியாவுக்குள் எங்கே அனுப்பினாலும் போயாக வேண்டும். யாருக்கு? வெள்ளைக்காரருக்கு மட்டும்.

பங்களா வராந்தாவில் என்ன பேச்சு நடந்திருக்கும்? நானாக ஜோடிக்கிறேன்.

“மேஸ்திரி, என்னைப் பாத்தா என்ன வயசு சொல்லுவே?”

“முப்பதுதான் மதிக்கலாங்க தொரை.”

“முட்டாள்! நல்லாப் பாரு.”

“அம்பத்தஞ்சுங்க தொரை.”

“இந்த வருசம் உனக்குச் சம்பளம் கூட.”

இதை வரைய ஆளில்லாமல் போயிற்று. தமிழுக்குக் கார்ட்டூனைக் கொண்டுவந்த பாரதியார் அப்போது புதுச்சேரியில். அவருடைய ‘இந்தியா’ பத்திரிகை 1910இலேயே நின்றுவிட்டது.

மேஸ்திரிக்கு அந்தக் கவலையே இல்லை. அவனுக்கு விலக்குச் சீட்டை எப்போதோ எழுதிக் கொடுத்துவிட்டார் ராபர்ட்ஸ் பிரபு. 1880களில் சென்னைப் படைக்கும் அப்புறம் இந்தியப் படைக்கும் தளபதியாக இருந்த அவர், மதராசிக்குப் போர்க்குணம் போதாது என்று முடிவுகட்டி, தெற்கத்திப் பட்டாளங்களைக் குறைத்து வடக்கே ஆள் எடுக்கச் சொன்னவர். ராஜேந்திர சோழன் கடாரத்துக்குக் கப்பல் விட்ட சீமைக்கு இப்படியொரு சர்டிபிகேட்! பல்லைப் பிடுங்க வேண்டாம், நொண்ட வேண்டாம், காலணா செலவில்லை. (மதராஸ் சாப்பர்களை மட்டும் விடவில்லை. பாலம் கட்ட ஆள் வேண்டாமா?)

தற்காப்புப் படை துரைமாரிடமே பேர் கெட்டு 1920இல் கலைந்தது. அடுத்து வந்த துணைப்படையில் இஷ்டமிருந்தால் சேரலாம் என்று சர்க்கார் இறங்கிவந்தது. அந்தப் போருக்காகக் கடல் கடந்து போன 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களுக்கு இப்படி எந்தச் சட்டமும் போடவில்லை. பஞ்சாபில் ஊர் அதிகாரிகளின் மிரட்டலே போதுமானதாக இருந்தது. காலாட்படைச் சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 11 ரூபாய்.