சர்க்கரை டப்பாவுக்கு அடியில்

1999, 2000 வாக்கில் எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியில் செய்தித்தாளுக்குப் பதில் விரித்திருந்தது, நான் அலுவலகத்திலிருந்து சுருட்டிக்கொண்டு வந்த கம்ப்யூட்டர் தாள். இரண்டு ஓரமும் ஓட்டை போட்டு, பச்சையும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த அந்த அகலத் தாளை நீங்களும் ரஃப் நோட்டாகத் தைத்திருப்பீர்கள். சர்க்கரை டப்பாவைத் தூக்கினால் அடியில், முந்தின மாதம் நள்ளிரவில் விழுந்த எங்கள் சர்வரின் மரண வாக்குமூலம், எந்த ஃபங்ஷனை யார் கூப்பிட்டது, கூப்பிட்டவரை யார் கூப்பிட்டது என்று வம்சாவளியோடு, எண்ணெய்க் கறை படிந்து கிடக்கும். அம்மாவுக்கு அது கெட்டியான நல்ல தாள். எனக்கோ பதக்கம்.

அந்தக் காலத்தில் புரோகிராம் செத்தால் பிணம் கிடைக்கும். சொல்லக்கூடாதுதான், ஆனாலும் அதில் ஒரு நிம்மதி இருந்தது. திரையில் 'செக்மென்டேஷன் ஃபால்ட், கோர் டம்ப்ட்' என்று ஒரு வரி வரும். சாகும் கணத்தில் மெமரியில் இருந்ததெல்லாம் ஒரு கோப்பாக உறைந்து நிற்கும். காந்த வளையங்களைக் கம்பியில் கோத்து மெமரி செய்த நாளில் அந்த வளையத்துக்குக் கோர் என்று பெயர். வளையம் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது, பெயர் மட்டும் பாட்டன் சொத்தாக நிலைத்துவிட்டது. ஒரு த்ரெட் தவறான முகவரியில் கால் வைத்தால் ஒரே கூரையின் கீழ் குடியிருந்த மற்ற முப்பதும் கூடவே போகும். ஜி.டி.பி. என்ற டீபக்கரில் எல்லா த்ரெட்டின் வம்சாவளியையும், அதாவது ட்ரேஸையும், கேட்டு வாங்கி, அச்சடித்து, தரமணியில் ஒரு சிங்கிள் டீயை முடித்துவிட்டு வந்தால், எங்கள் சீனியர் சார் அடி ஸ்கேலும் பென்சிலுமாகத் தரையில் உட்கார்ந்திருப்பார். "செத்தவனை விடுப்பா. பக்கத்துல ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கிறான் பாரு, அவனைப் புடி" என்பார். பாதி நாள் அவர் சொன்னவன்தான் அகப்படுவான்.

இருபத்தைந்து வயதில் எனக்கு ஸ்கேல் பிடிக்கும் பொறுமை ஏது? இரண்டு த்ரெட் எங்கே முட்டிக்கொள்கின்றன என்று பார்க்க நடுவில் ஒரு பிரின்ட்எஃப் போட்டேன், 'இங்கே வந்தேன்' என்று எழுத. பக் மறைந்தது. வரியை எடுத்தேன், வந்தது. போட்டேன், போனது. அந்த ஒரு வரியை எழுதும் நேரத்தில் ஒரு த்ரெட் தயங்கி, இன்னொன்றுக்கு வழிவிட்டிருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். மூன்று ராத்திரிக்குப் பிறகு, மேலே 'இதை எடுக்காதே' என்று குறிப்பு எழுதி அப்படியே வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டேன். மேனேஜர் முறைத்தபோது, 1997-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனதையும், சோதனை வசதிகளை எடுக்காமலே அனுப்பியிருந்ததால்தான் அதைச் சரிசெய்ய முடிந்ததையும் விளக்கினேன். அவர்கள் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள், நான் கண்டுபிடிக்கவில்லை என்கிற சின்ன வித்தியாசத்தை மட்டும் விட்டுவிட்டேன். பார்க்கப் போனால் ஒளிந்துகொள்ளும் இந்த ஜாதியைப் பற்றி ஹைசன்பக் என்ற பெயரில் கணினி விஞ்ஞானி ஜிம் கிரே 1985-லேயே எழுதியிருந்தார். அவர் காட்டிய 132 கோளாறுகளில் ஒன்றே ஒன்றுதான் கூப்பிட்ட நேரமெல்லாம் வரும் ஒழுக்கமான பக். இதைப் படித்த அன்று நன்றாகத் தூங்கினேன்.

இப்போது பிணம் கிடைப்பதில்லை. விழுந்தால் அவமானம் என்று எங்களை வளர்த்தார்கள். எரிக்சனில் எர்லாங் மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜோ ஆம்ஸ்ட்ராங்கோ, விழுகிறவன் விழட்டும், தூக்கிவிட மேலே ஒருவனை வை என்றார். ஊரே அதைத்தான் செய்கிறது. கன்டெய்னர்களை மேய்க்கும் குபர்நெட்டிஸ் முதல் தடவை உடனே எழுப்பும், மறுபடி மறுபடி விழுந்தால் பத்து விநாடி, இருபது, நாற்பது என்று ஐந்து நிமிடம் வரை பொறுக்கும். நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போவதற்குள் செத்தது புது உடம்போடு நடமாடிக்கொண்டிருக்கும். ட்ரேஸும் பழைய ட்ரேஸ் இல்லை. அசிங்க் வந்த பிறகு, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டால் ஈவென்ட் லூப்பைக் காட்டுகிறது, கல்யாண மண்டபத்தைச் சொந்த வீடு என்பதுபோல. பத்து வேலை ஒன்றாக விழுந்தால் பத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தரப் பைதான் 2022-இல் வழி செய்தது, கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. மூட்டையைப் பிரித்துப் படிக்கத்தான் ஆளில்லை. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண்ணின் திரையில் ஒரே பிழை 14,000 தடவை வந்து ஒற்றை வரியாகச் சுருண்டு கிடந்தது. "அது டெய்லி வரும் சார்" என்றாள், பால்காரரைச் சொல்வதுபோல.

போன வாரம் அவளே வந்தாள். கம்பெனி பெயர் மாறி, சர்வர் மேகத்துக்குப் போய், பழைய சி ப்ளஸ் ப்ளஸ் நிரலைக் கன்டெய்னருக்குள் வைத்து மூடியும் ஆயிற்று. லாகில் ஏதோ ஒரு வரி லட்சக்கணக்கில் வந்து இடத்தை அடைக்கிறதாம்.

"'இங்கே வந்தேன்'னு வருது சார். யார் எழுதினதுன்னே தெரியல. எடுத்துடட்டுமா?"

"திங்கக்கிழமை பாத்துக்கலாம்மா" என்றேன். எந்தத் திங்கள் என்று சொல்லவில்லை.