இன்ஜின் பொருத்தம்

பாம்பன் டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் இன்ஜின் நிபுணரிடம், "வள்ளத்துக்கு என்ன இன்ஜின் போடலாம்?" என்று எவனாவது வாய்தவறிக் கேட்டுவிட்டால் டீ ஆறிப்போகும். அவருடையது அல்ல, கேட்டவனுடையது.

எந்த இன்ஜினைச் சொன்னாலும் அவரிடம் ஒரு "ஆனா" இருக்கும். பெட்ரோல் அவுட்போர்டா? "பறக்கும் மாப்ள. ஆனா நீ புடிக்கிற மீனெல்லாம் எண்ணெய்க்கே சரியாப் போயிரும்." டீசல் லாங் டெயிலா? "சிக்கனம்தான். வடகடல்ல ஆழம் இல்ல, தரை தட்டுனா வாலைத் தூக்கிக்கலாம். ஆனா தென்கடல் அலைக்கு அந்தக் கனம் ஆகாது." சரி, இன்போர்டு? "ஓட்டை போட்ட படகை எவன் நம்புவான்?" பிறகு கியர் எத்தனைக்கு எத்தனை, புரொப்பல்லர் எத்தனை இஞ்ச் என்று தொடங்குவார். வாடைக் காற்றுக்கு ஒரு பொருத்தம், கச்சான் காற்றுக்கு ஒரு பொருத்தம். ஜாதகத்தில்கூடப் பத்துப் பொருத்தத்தோடு விட்டுவிடுகிறார்கள்.

எரிச்சல் என்னவென்றால், அவர் சொல்வது அத்தனையும் சரி. கரையில் நின்றபடியே, வரும் படகின் சத்தத்தைக் கேட்டு "நாசில் போச்சு" என்பார், போயிருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகளின் இன்ஜின்களைப் பிரித்துப் போடும்போது கூலி வாங்காமல் கிரீஸில் குளித்துக்கொண்டிருப்பார். அவருடைய சொந்த வள்ளம் மட்டும் இன்ஜின் இல்லாமல் கவிழ்ந்து கிடக்கிறது. ஆடுகளுக்கு நல்ல நிழல்.

வீட்டிலேயே குட்டி விமானம் கட்டுகிறவர்களுக்கும் இந்த வியாதி உண்டு: ரோட்டாக்ஸா, ஃபோக்ஸ்வாகன் கார் இன்ஜினா என்றே வயசாகிவிடும். ரைட் சகோதரர்கள் கேட்ட எடைக்கும் சக்திக்கும் இன்ஜின் செய்துதர எந்தக் கம்பெனியும் முன்வரவில்லை. சைக்கிள் கடை மெக்கானிக் சார்லி டெய்லர் ஆறே வாரத்தில் ஒன்றைச் செய்தார், 12 குதிரைசக்தி. 1903 டிசம்பரில் பறந்துவிட்டார்கள். நம்மவர் அங்கே இருந்திருந்தால் அது இன்றைக்கும் சைக்கிள் கடைதான்.

சிரித்தது போதும். இவர் பேச்சைக் கேட்டு என் மச்சினன் ஒரு கச்சான் பருவம் முழுக்கக் கரையிலேயே உட்கார்ந்திருந்தான். வட்டி உட்காரவில்லை.

ஆகவே, இன்ஜின் வாங்க நினைப்பவர்களே, உங்கள் கரையில் எதற்கு உதிரிபாகம் கிடைக்கிறதோ, எதை உள்ளூர் மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவாரோ, அதை வாங்கி மாட்டிக் கடலுக்குப் போங்கள். ரிப்பேர் ஆனால் நம்மவரைக் கூப்பிடுங்கள், ஓடி வருவார். வாங்குவதற்கு முன்னால் மட்டும் கூப்பிடாதீர்கள்.