நிலவில் குடவோலை

1929 அக்டோபர் 15 அன்று பெர்லினில் ஃப்ரிட்ஸ் லாங் இயக்கிய ‘நிலவில் பெண்’ என்ற பேசாப்படம் வெளியானது. ராக்கெட்டின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதைத் தவறாமல் குறிப்பிடுகிறார்கள். ஆனால் இயந்திரத்தோடு நின்றுவிடுகிறார்கள். படத்தின் கடைசிப் பகுதியில் ஒரு குலுக்கல் நடக்கிறது. அதைச் சாலவாக்கத்துக்காரர்கள் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. சாலவாக்கம் உத்திரமேரூர் வட்டத்து ஊர். குலுக்கல் எப்படி நடக்க வேண்டும் என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டிவைத்த சுவர் அந்த உத்திரமேரூரில்தான் இருக்கிறது.

முதலில் இயந்திரத்துக்கு உரிய மரியாதையைச் செலுத்திவிடுவோம். படத்துக்கு அறிவியல் ஆலோசகர் ஹெர்மன் ஓபெர்த். அடுக்கடுக்காகக் கழன்று விழும் ராக்கெட், அதை நிமிர்ந்த நிலையிலேயே கொட்டகையிலிருந்து ஏவுதளத்துக்கு நகர்த்துவது, வேகம் ஏறும்போது பயணிகள் படுத்துக்கொள்வது, எடையற்ற நிலையில் கால் நுழைத்து நிற்கத் தரையில் வார்கள் என்று எல்லாம் இருக்கின்றன. எண்களைத் தலைகீழாக எண்ணி ராக்கெட் விடும் வழக்கத்தைப் பரவலாக்கியதும் இதுவே. பேச்சில்லாத படமானதால் எண்கள் ஒவ்வொன்றாகத் திரையில் எழுத்தாக வந்தன; ஸ்ரீஹரிகோட்டாவில் இன்று அதே எண்ணிக்கை குரலாக ஒலிக்கிறது. நாஜி அரசு இந்தப் படத்தை முடக்கிவைத்தது. 1942 அக்டோபர் 3இல் வெற்றிகரமாகப் பறந்த வி-2 ஏவுகணையின் உடலிலோ இந்தப் படத்தின் சின்னம் தீட்டப்பட்டிருந்தது.

நிலவில் மூச்சுவிடக் காற்று உண்டு என்று காட்டியது பிழை. ஆனால் அங்கே இறங்கியதும் பேராசிரியர் மான்ஃபெல்ட் கையில் குச்சியைப் பிடித்துக்கொண்டு நீர் தேடி நடக்கும் காட்சியை நம் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. போர் போடுமுன் நீரோட்டம் பார்க்கிறவர் நடக்கும் அதே நடைதான். நிலவில் நீர் மூலக்கூறு இருப்பதைச் சந்திரயான்-1 திரட்டிய தரவுகள் 2009இல் உறுதிசெய்தன.

இனி குலுக்கல். நிலவில் இருப்பதாகச் சொல்லப்படும் பொன்மேல் கண்வைத்த ஐந்து செல்வந்தர்கள் டர்னர் என்ற கையாளை ராக்கெட்டில் ஏற்றிவிடுகிறார்கள். பயணத்துக்குத் தலைமை தாங்கும் ஹீலியஸின் திட்டக் குறிப்புகளைத் திருடி, அதைக் காட்டி மிரட்டி இடம் பிடித்தவன் அவன். நிலவில் நடக்கும் கைகலப்பில் குண்டு பாய்ந்து பிராணவாயுக் கலம் சேதமாகிறது. மிஞ்சிய காற்றில் எல்லாரும் திரும்ப முடியாது. ஒருவர் அங்கேயே தங்க வேண்டும். ஹீலியஸும் உடன் வந்த விண்டெகரும் குச்சி எடுத்துப் பார்க்கிறார்கள். விண்டெகர் மாட்டிக்கொள்கிறான். அவன் படும் தவிப்பைக் கண்ட ஹீலியஸ், அவனுக்கும், பயணத்தில் இருக்கும் ஒரே பெண்ணான ஃப்ரீடாவுக்கும் பானத்தில் மயக்க மருந்து கலந்துவிட்டுத் தானே தங்கிவிட முடிவுசெய்கிறான்.

இனி உத்திரமேரூர்ச் சுவர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. பிறர் பொருளைத் திருடியவனும், முன்பு ஊர்ச்சபையின் வாரியத்தில் (குழுவில்) இருந்து கணக்குக் காட்டாதவனும் குடத்தில் பெயர் இடத் தகுதியற்றவர்கள் என்கின்றன அவை. இந்த ஒரு விதி பெர்லினில் இருந்திருந்தால் டர்னர் ராக்கெட்டில் ஏறியிருக்க முடியாது. அவன் ஏறாவிட்டால் குண்டு இல்லை. காற்று இழப்பும் இல்லை. இதைவிட வலுவான வாதம் எனக்குத் தெரியவில்லை.

குடத்தில் பெயர் எழுதிய ஓலைகளை இட்டு ஆள் எடுக்கும் இந்தக் குடவோலையின் நடைமுறையும் அப்படியே. சபையில் மூத்த நம்பி (கோயில் பூசகர்) ஒருவர் எல்லாரும் காணக் குடத்தைத் தூக்கி நிற்பார். உள்ளே இருப்பது அறியாத சிறுவன் ஒரு குடும்பின் (ஊர்ப் பகுதியின்) ஓலைக்கட்டை எடுப்பான். அது வேறு குடத்தில் இடப்பட்டுக் குலைக்கப்படும். அதிலிருந்து சிறுவன் ஓர் ஓலையை எடுத்து நடுவரான மத்தியஸ்தனிடம் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கி வாசிப்பான். பிறகு நம்பிமார் எல்லாரும் வாசிப்பார்கள். இத்தனைக்கும் அது ஏரி, தோட்டம், பொன் முதலியவற்றைக் கவனிக்க ஓராண்டுக்கு ஆள் எடுக்கும் காரியம். நிலவிலோ ஓர் உயிர் பணயம். அங்கே சீட்டு எடுத்தவர்களே சீட்டில் இருந்தவர்கள்; நடுவர் இல்லை; வந்த முடிவையும் ஒருவர் மருந்து கொடுத்து மாற்றப் பார்த்தார். சீட்டு எடுக்கச் சிறுவனுக்கும் பஞ்சமில்லை. ராக்கெட்டில் ஒளிந்து வந்த குஸ்டாவ் அங்கேயே இருந்தான். ஹீலியஸ் அவனை நம்பி ராக்கெட்டையே ஒப்படைத்தான். சீட்டை ஒப்படைக்கத் தோன்றவில்லை.

ஒரு குறை இரண்டுக்கும் பொது. உத்திரமேரூர்ச் சபை நிலமும் வேதக்கல்வியும் உடைய ஆண்களுக்கானது. ஹீலியஸின் குலுக்கலிலும் ஃப்ரீடாவின் பெயர் இல்லை. யாரும் கேட்காமலே அவள் நிலவில் தங்கிவிடுகிறாள். ராக்கெட் கிளம்பிய பிறகுதான் ஹீலியஸுக்கு அது தெரிகிறது. படத்திலேயே நேர்மையான முடிவு அவளுடையதுதான்.

இந்தியரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் பணி நடந்துகொண்டிருக்கிறது. நிலவுக்கும் ஒருநாள் ஆள் போவார்கள். காற்று குறைந்தால் யார், எப்படி முடிவெடுப்பது என்பதைப் புறப்படுமுன் எழுதிவைக்க வேண்டும். அதை எழுத உட்காருபவர்கள் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, ஒருமுறை உத்திரமேரூருக்கு வந்து அந்தச் சுவரையும் வாசிக்க வேண்டுகிறேன்.