டப்பா காலி

வயிற்றுவலிக்குச் சரித்திரம் உள்ள ஊர் எங்களுடையது. திருநாவுக்கரசரைச் சூலை நோய் பிடித்தது இங்கே சமண மடத்தில் இருந்தபோதுதான் என்பது புராணம்; பிற்பாடு கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்டவர் கரையேறியதும் இதே திருப்பாதிரிப்புலியூரில்தான். ஆகவே 1978-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் போய்வர நான் சீசன் டிக்கெட் எடுத்தபோது, அம்மா என் படிப்பைப் பற்றிக் கவலைப்படவில்லை. வயிற்றைப் பற்றித்தான் கவலைப்பட்டாள்.

எங்கள் வீடு சுத்த சைவம். டப்பாவில் தயிர்சாதம், ஓரத்தில் நார்த்தங்காய். வெள்ளிக்கிழமை எலுமிச்சஞ்சோறு, அது திருவிழா. மீட்டர்கேஜ் வண்டி ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை என்று நின்று நின்று சிதம்பரம் சேருவதற்குள் பசி கிள்ளும். ஆனாலும் மதியம்வரை டப்பாவைத் திறக்க மாட்டேன். ஒழுக்கம் ஒன்றுமில்லை, தனியாகத் தின்றால் நஷ்டம்.

மரத்தடியில் எல்லா மூடியும் ஒன்றாகத் திறக்கும். பண்ருட்டிக்காரன் பலாக்கொட்டையும் கத்திரிக்காயும் போட்ட காரக்குழம்பு கொண்டுவருவான். பரங்கிப்பேட்டை நண்பன் வீட்டில் குழம்புக்குப் பெயர் ஆணம்; பெயருக்காகவே நான் இரண்டு கவளம் கூடுதலாகக் கேட்பேன். தேவனாம்பட்டினத்து நண்பன் மட்டும் டப்பாவை மூடியால் மறைத்தபடி தள்ளி உட்காருவான். உள்ளே நெத்திலிக் குழம்பு. எவ்வளவு மறைத்தாலும் வாசனை காட்டிக்கொடுத்துவிடும். மூன்றாவது வாரம் அவன் மறைப்பதை விட்டான். நான்காவது வாரம் நான் சைவத்தை விட்டேன். பரங்கிப்பேட்டையில் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில் மீனைப் பற்றி ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஆராய்ச்சிக்கு ஒரு டப்பா போதுமாயிருந்தது.

விடுதிக்காரர்களும் கையை வீசிக்கொண்டு வந்து சேருவார்கள். மெஸ் செலவை எல்லோருக்கும் பங்கிடும் டிவைடிங் சிஸ்டத்தில் மாதக் கடைசியில் பங்கு எவ்வளவு விழுமோ என்ற பயத்திலேயே பாதிப் பசி போய்விட்டது என்பார்கள். மீதிப் பாதிக்கு என் தயிர்சாதம் முழுதும் வேண்டியிருந்தது.

மாலையில் பிளாட்பாரக் குழாயில் டப்பாவையும் வாயையும் இரண்டு தடவை கழுவிக்கொண்டு வீடு சேருவேன்.

"எல்லாம் நீயே சாப்பிட்டியா?"

"ஆமாம்மா."

பல்கலைக்கழகத்தில் நான் முதலில் தேறிய பாடம் இந்தப் பொய்தான். நாலைந்து வீட்டுச் சமையலைத் தின்றுவிட்டு, "தினமும் ஒரே சோறுடா" என்று அலுத்துக்கொண்டது இரண்டாவது.

இப்போது தம்பி மகள் அதே பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், விடுதியில் தங்கி. 2010-இல் அகலப்பாதை வந்துவிட்டது. மீட்டர்கேஜ் போயிற்று. அவள் செல்போனில் காட்டும் கடைப் பட்டியல் விரல் வலிக்கும்வரை நீளும். ஷெஸ்வான், மஞ்சூரியன், சிங்கப்பூர்: மூன்று தேசத்துக்கும் ஒரே வாணலி, ஒரே சாஸ். எங்கள் கட்டுச்சோற்றுக்கும் 'வெரைட்டி ரைஸ்' என்று பெயர் சூட்டியாகிவிட்டது. பெயரில் இருக்கிறது வெரைட்டி. அவளோ, "சாப்பிட ஒண்ணுமே இல்ல பெரியப்பா" என்கிறாள்.

விடுவேனா? மரத்தடி, பலாக்கொட்டை, ஆணம் என்று ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தேன். (நெத்திலி என் தம்பிக்கே இன்னும் தெரியாது, அதை மட்டும் தாண்டினேன்.) பிரசங்கத்தோடு நிற்காமல், முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடையும் வறுத்த மல்லாட்டையும் ஒரு டப்பாவில் அடைத்து அவள் பையில் திணித்தேன். கேழ்வரகு எனக்கு டாக்டர் எழுதிக்கொடுத்தது. அந்த வயதில் யாராவது கொடுத்திருந்தால் கோபித்திருப்பேன்.

அடுத்த சனிக்கிழமை டப்பா காலியாகத் திரும்பியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"எல்லாம் நீயே சாப்பிட்டியா?"

"நானா? ஒரு வாய்கூட இல்ல. ரூம்ல பிடுங்கிட்டாங்க."

"அப்போ நீ என்னதான் சாப்பிட்டே?"

அவள் அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "தூத்துக்குடிக்காரி கொண்டாந்த கருவாட்டுத் தொக்கு. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

சொல்லவில்லை.