ஓணான் குடித்தது யார் ரத்தம்?

கே: வேலி ஓணானின் கழுத்து திடீரென்று சிவக்கிறதே, தூரத்திலிருந்தே நம் ரத்தத்தை உறிஞ்சுகிறது என்கிறார்களே? (வாசகர், மேலூர்)

ப: ஒரு சொட்டுகூட இல்லை. அது தின்பது எறும்பும் வெட்டுக்கிளியும். சிவந்து நிற்பது ஆண். இணை சேரும் காலத்தில் பெண்ணை அழைக்கவும், தன் வேலிக்குள் நுழையும் இன்னொரு ஆணை விரட்டவும் தலையும் கழுத்தும் சிவக்க, தண்டால் எடுப்பதுபோல் உடம்பை ஏற்றி இறக்கும். தோற்று ஓடினால் சிவப்பும் வடிந்துவிடும். வெள்ளைக்காரர்களும் அதை ‘பிளட்சக்கர்’ என்றே அழைத்தார்கள். இந்தப் பொய்யை நம்பிச் சுருக்குப் போட்டும் கல்லெறிந்தும் எத்தனை ஓணான்களைக் கொன்றிருக்கிறோம்! உங்கள் பிள்ளைகளிடம் இன்றே சொல்லுங்கள்.

கே: பச்சோந்தியைச் சிவப்புச் சேலைமேல் விட்டால் சிவக்குமா? (வாசகி, திருமங்கலம்)

ப: சிவக்காது. பயத்தில் கருக்கலாம். இலைக்குள் அதை மறைப்பது அதன் வழக்கமான பச்சை நிறம்தான். நிறம் மாறுவது பெரும்பாலும் கோபம், பயம், இணை, வெயில் ஆகியவற்றால். குளிர்ந்த காலையில் உடம்பைக் கருக்கிக்கொண்டு வெயிலை வாங்கும்; சித்திரை உச்சிவெயிலில் வெளிறிவிடும்.

கே: தோலுக்குள் சாயம் இருக்கிறதா? (வாசகர், உசிலம்பட்டி)

ப: சாயமும் உண்டு, படிகமும் உண்டு. மடகாஸ்கர் பச்சோந்தி ஒன்றின் தோலை ஆராய்ந்த ஜெனீவா பல்கலைக்கழகத்தார் 2015இல் இதை விளக்கினார்கள். தோல் செல்களுக்குள் குவானின் என்ற பொருளின் நுண்படிகங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவை நெருங்கியிருந்தால் நீல ஒளி திரும்பும். மேலே உள்ள மஞ்சள் நிறமியோடு சேர்ந்து நமக்குப் பச்சையாகத் தெரியும். பச்சோந்தி கிளர்ச்சியடைந்தால் படிகங்கள் விலகும், மஞ்சளும் சிவப்பும் திரும்பும். கண்ணுக்கே தெரியாத இடைவெளியை அகட்டிச் சுருக்கி ஓர் உயிர் நிறம் காட்டுகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

கே: மதுரைப் பக்கம் எதைப் பார்க்கலாம்? (வாசகி, ஒத்தக்கடை)

ப: குன்றுகளில் பாறை ஓணானைத் தேடுங்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தார் இந்த இனத்தைக் கவனித்திருக்கிறார்கள். பெண் எதிரே வந்தால் ஆணின் முதுகு சிவப்பு, விலா கறுப்பு. எதிரி ஆண் வந்தால் முதுகு மஞ்சள், விலா ஆரஞ்சு. ஆளுக்கொரு நிறம்!

கே: தோட்டத்தில் பச்சோந்தி வந்திருக்கிறது. பிடித்து வளர்க்கலாமா? (வாசகர், வாடிப்பட்டி)

ப: கூடாது. விஷமில்லாத பிராணி, ஆனால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பிடிப்பது குற்றம். மரத்திலேயே இருக்கட்டும். முட்டையிட மண்ணைத் தோண்டுவதற்காகப் பெண் பச்சோந்தி தரையிறங்கும். அதனால், ரோட்டில் ஒன்று ஆடி ஆடிப் போவதைக் கண்டால் வண்டியை நிறுத்தி, அது அடுத்த ஓரம் சேரும்வரை பொறுங்கள்.