செல்ஃப் எடுக்கல

ஆலந்தலையில் கார் நின்றுபோனால் தள்ளிவிட ஆள் பஞ்சம் கிடையாது. வள்ளத்தையே கரையேற்றுகிற தோள்கள். என் சின்னக் காரெல்லாம் அவர்களுக்கு ஒரு பொருட்டா? பஞ்சம் தரைக்குத்தான். என் வீட்டு வாசல் முழுக்கக் கடல்மணல். நாலு பேர் சேர்ந்து தள்ளினால் நாலு பேரும் முன்னால் போவார்கள், கார் கீழே போகும்.

அப்படிப்பட்ட வாசலில் ஒரு முகூர்த்த நாள் காலையில் சாவியைத் திருப்பினேன். ‘டிக்’ என்றது. அவ்வளவுதான். லைட் எரிகிறது, ஹார்ன் ஊரைக் கூட்டுகிறது, ரேடியோ பாடுகிறது. வண்டி மட்டும் கிளம்பவில்லை. பின்சீட்டில் மாமியார், “இந்நேரம் தாலி கட்டியிருப்பாங்க” என்றார். யாரிடமும் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னார்.

திருச்செந்தூர் மெக்கானிக் தம்பிக்குப் போன் போட்டேன். “செல்ஃப் மோட்டார் அண்ணே. நீளமா ஒரு கம்பி எடுத்து, சந்து வழியா விட்டு, அதன் முதுகுல ரெண்டு தட்டு தட்டிட்டு சாவியைப் போடுங்க.” தட்டினேன். எடுத்தது!

அந்த இரண்டு தட்டை வைத்து மூன்று வாரம் ஓட்டினேன். இது சூனியமில்லை. மோட்டாருக்குள் சுற்றுகிற ஆர்மேச்சருக்கு மின்சாரம் கொடுப்பது கார்பன் பிரஷ். அது தேய்ந்து குட்டையானால், ஸ்பிரிங் அழுத்தினாலும் போய்ச் சேராது. தட்டுகிற அதிர்வில் கொஞ்சம் நகர்ந்து ஒட்டிக்கொள்ளும். திருச்செந்தூர் கோயில் பக்கம் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, மூன்றடிக் கம்பியால் நான் பயபக்தியோடு தட்டுவதை வெளியூர்ப் பக்தர் ஒருவர் கவனித்துவிட்டு, “இது என்ன பரிகாரங்க, எங்க சொன்னாங்க?” என்று கேட்டார். நான்காவது வாரம் பரிகாரம் பலிக்கவில்லை. தம்பி பையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

வண்டி எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன். நாளைக்கு விற்க வேண்டியிருக்கும்.

செல்ஃப் மோட்டார் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் கல்லாப்பெட்டிக்கு மின்மோட்டார் வைத்துப் பெயர் வாங்கியவர். கல்லாப்பெட்டி திறக்க ஒரு நொடி போதும். ஒரு நொடிக்குச் சின்ன மோட்டாரிடமே பெரிய வேலை வாங்கலாம் என்பது அவர் கண்ட சூத்திரம். அதையே 1911-இல் காருக்குக் கொண்டுவந்தார். 1912 மாடல் காடிலாக்கில் மாட்டினார்கள். அதுவரை முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும். நம் பழைய அம்பாசடருக்கும் அந்தக் கைப்பிடி இருந்தது. அதன் பானெட்டுக்குள் ஒரு ஆள் இறங்கி உட்கார்ந்து சாப்பிடவே இடம் இருக்கும்.

கெட்டரிங் மேல் எனக்குக் கோபமில்லை. செல்ஃப் மோட்டாரின் சின்னப் பல்சக்கரம் ஃபிளைவீலின் பெரிய பல்சக்கரத்தைக் கடித்துச் சுற்ற வேண்டும். ஃபிளைவீல் இருப்பது எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில். மோட்டாரும் அங்கேதான் குடியிருந்தாக வேண்டும். ஆனால் அதன் தலைக்கு மேல் பேட்டரி, ஏர் ஃபில்டர் என்று மொத்தக் குடும்பத்தையும் குடியேற்றியவர் யாரோ, அவரைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

தம்பி முதலில் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றினான். மோட்டாருக்கு வருகிற பிளஸ் வயர், எஞ்சினைச் சுற்றும்போது நூறு ஆம்பியருக்கு மேல் ஓடுகிற தடித்த வயர்; மைனஸைக் கழற்றாமல் அதிலும் வண்டி உடம்பிலும் சேர்ந்து ஸ்பேனர் பட்டால் அங்கேயே வெல்டிங் ஆகிவிடும். அப்புறம் பேட்டரி, அது உட்கார்ந்திருந்த தட்டு, ஏர் ஃபில்டர் டப்பா, அதன் குழாய். வாசலில் நான் விரித்த பாயில் பாதிக் கார் வந்துவிட்டது. தெற்கே குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். அங்கிருந்து செயற்கைக்கோள் ராக்கெட் கிளம்புவதற்குள் என் கார் கிளம்பினால் போதும் என்று வேண்டிக்கொண்டேன்.

மோட்டாரின் கீழ் போல்ட் படுத்துக்கொண்டு கழற்றினால் வந்தது. மேல் போல்ட் கண்ணுக்கே தெரியாது. உப்புக்காற்றில் துருவேறி வேறு இருந்தது. கை போனால் ஸ்பேனர் போகாது. ஸ்பேனர் போனால் கை போகாது. ஒரு மணி நேரத்தில் போல்ட்டும் தம்பியின் விரல் தோலும் ஒன்றாகக் கழன்றன. போல்ட் ‘டங்’ என்று எங்கேயோ விழுந்தது. தரைக்கு வரவில்லை.

டார்ச் அடித்தோம். காந்தம் கட்டி விட்டோம். பக்கத்து வீட்டுத் தாத்தா வேலியோரம் வந்து நின்றார். தூத்துக்குடியில் சங்கு குளித்தவர். முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது, அது இவருடைய அப்பா காலம். இவருக்குச் சங்குதான்.

“என்ன தேடுதிய?”

“போல்ட் விழுந்துட்டு தாத்தா.”

“கண்ணை வச்சுத் தேடுனா எப்படிக் கிடைக்கும்? வெளக்கை அணை. கலங்கத் தண்ணியில எவன் வெளக்கு புடிச்சான்?”

சட்டைக் கையை மடக்கினார். கண்ணை மூடினார். சத்தியமாகச் சொல்கிறேன், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் கையை உள்ளே விட்டார். நாங்களும் பிடித்துக்கொண்டோம். முதலில் ஒரு கடலைத் தோல் வந்தது. பிறகு போன வருஷம் காணாமல்போன பேனா மூடி. மூன்றாவது தடவை போல்ட்.

மோட்டாரைத் திறந்தால் பிரஷ் சுண்டு விரல் நகம் அளவுக்குத் தேய்ந்திருந்தது. புது பிரஷ் முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. மாட்டும்போது மேல் போல்ட்டைத் தம்பி தாத்தாவிடமே கொடுத்துவிட்டான். “நேரா முறுக்காதீங்க. முதல்ல எதிர்ப்பக்கம் மெல்லத் திருப்புங்க. புரி இறங்குறது கைக்குத் தெரியும், அப்புறம் முறுக்குங்க.” தாத்தா திருப்பினார். “புடிச்சிட்டு” என்றார். எல்லாவற்றையும் பூட்டி, பாயைக் காலி செய்து, சாவியைத் திருப்பினேன்.

இந்தத் தடவை ‘டிக்’கூட இல்லை.

சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று மோட்டாருக்கு மின்சாரம் விடுகிற சோலனாய்டுக்குப் போகிற சின்ன வயரை மாட்ட மறந்திருந்தோம். மறுபடி பேட்டரி, தட்டு, ஏர் ஃபில்டர், பாய். தாத்தா சாப்பிட்டுத் தூங்கப் போய்விட்டார். எழுப்பிக் கூட்டிவந்தோம். ஒரே முக்குளிப்பு, வயர் மாட்டியாயிற்று. சாயங்காலம் ஐந்தரைக்கு எஞ்சின் எடுத்தது.

தாத்தா கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “எங்க வள்ளத்து எஞ்சினுக்கு இழுக்கக் கயிறு இருக்கு. இம்புட்டு வெலையில வாங்கியிருக்கிய, இதுக்கு ஒரு கயிறு கிடையாதா?”

உங்கள் கார் ஒருநாள் காலையில் ‘டிக்’ என்று மட்டும் சொன்னால், தட்டி ஓட்டாமல் அன்றைக்கே மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். தாத்தா வெளியூர் வேலைக்கு வருவதில்லை.